செட்டிநாட்டில் வேலைக்குச் சேர்வோருக்கு: பாகுபாடு நேர்ந்தால் எங்கே, எப்படி, எத்தனை நாளுக்குள் முறையிடுவது

காரைக்குடி ஜவுளிக்கடையிலோ, கானாடுகாத்தானில் விடுதியாக மாறிய பெரிய வீட்டிலோ, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையிலோ, தேவகோட்டையில் ஒரு தனியார் பள்ளியிலோ, கல்யாணச் சமையல் குழுவிலோ முதன்முறையாக வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. பெண் என்பதாலோ, சாதியாலோ, உடற்குறையாலோ, கருவுற்றிருப்பதாலோ தனக்கு மட்டும் வேறு நியாயம் வழங்கப்படுகிறது என்று உணர்கிறவர் முதலில் என்ன செய்ய வேண்டும், அதன்பின் யாரிடம் போக வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்ல முயன்றிருக்கிறேன்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தனியார் வேலைகளில் நடக்கும் எல்லா வகைப் பாகுபாட்டையும் ஒரே இடத்தில் தடை செய்யும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. கூலி வேற்றுமைக்கு ஒரு சட்டம், பாலியல் தொல்லைக்கு ஒரு சட்டம், தீண்டாமைக்கு ஒரு சட்டம், மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு சட்டம் என்று பாதுகாப்பு பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி அலுவலகம் உண்டு, தனிக் கெடு உண்டு. நியாயம் தங்கள் பக்கம் இருந்தும் தோற்றுப்போகிறவர்களில் பலர், மனுவைத் தவறான அலுவலகத்தில் கொடுத்து, அங்கே அது கிடக்கும் நாட்களில் சரியான அலுவலகத்தின் கெடுவைத் தவற விட்டவர்கள்தாம். ஆகவே எந்தக் காரணத்தால் பாகுபாடு நடக்கிறது என்பதை முதலில் பிரித்தறிவதே இந்த வழிகாட்டியின் மையம்.

சேரும்போதே கேட்டு வாங்க வேண்டியவை

நம் பகுதியில் வேலை பெரும்பாலும் தெரிந்தவர் சொல்லித்தான் கிடைக்கிறது. மாமா ஒருவர் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்வார். அல்லது நெடுநாளாக அந்த வீட்டோடு பழகிய குடும்பத்தின் பிள்ளை என்று ஆச்சி அழைத்துக்கொள்வார். இப்படிச் சேர்ந்த இடத்தில் பணி நியமனக் கடிதம் கேட்பது நம்பிக்கையைக் குலைப்பதாகும் என்ற கூச்சம் பலருக்கு இருக்கிறது. அந்தக் கூச்சத்தை நான் புரிந்துகொள்கிறேன், ஆனாலும் அதை விட்டுவிட வேண்டும் என்றே சொல்வேன். நல்ல முதலாளிக்குக் கடிதம் கொடுப்பதில் இழப்பு எதுவும் இல்லை. பின்னாளில் வழக்கு என்று வந்தால், நீங்கள் அங்கே வேலை பார்த்தீர்கள் என்பதையே நிரூபிக்க முடியாமல் நிற்கும் நிலை மிகக் கொடியது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம், 1961ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டம் போன்றவை இவற்றுக்குள் அடங்கிவிட்டன. பழைய கையேடுகளில் பழைய பெயர்களைக் கண்டு குழம்ப வேண்டாம். பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை பார்க்கும் நிறுவனம் நியமனக் கடிதம் தர வேண்டும் என்பது இப்போது சட்டக் கடமை. சம்பளச் சீட்டு தர வேண்டும் என்பதை ஊதியச் சட்டத் தொகுப்பு 2019 சொல்கிறது. கடிதம் கிடைக்காத இடத்தில் வேறு தடயங்களைச் சேர்த்து வையுங்கள்: வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய வரி, வருங்கால வைப்பு நிதி எண், இ.எஸ்.ஐ. அட்டை, கடைப் பெயர் அச்சிட்ட அடையாள அட்டை, வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும் பக்கத்தின் படம், வேலை நேரம் குறித்து மேற்பார்வையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி. சம்பளத்தைக் கையில் பணமாகத் தருகிறார்கள் என்றால், ஒவ்வொரு மாதமும் வாங்கிய அன்றே தொகையையும் தேதியையும் எழுதிவையுங்கள்.

எந்த வகைப் பாகுபாடு என்று பிரித்தறிதல்

*கூலியில் வேற்றுமை*

கட்டட வேலையில் சித்தாளாகப் போகும் பெண்ணுக்கும், அவரோடு சேர்ந்து மணலும் கல்லும் சுமக்கும் ஆணுக்கும் இரண்டு கூலி என்பது இங்கே ஊரறிந்த வழக்கம். பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் பணியில் சுண்ணாம்பு குழைப்பதிலும், டைல்ஸ் பட்டறையில் கல்லைத் தண்ணீரில் ஊறவைத்து அடுக்குவதிலும், சமையற்கட்டில் காய் நறுக்குவதிலும் இதே வேற்றுமை நுழையலாம். ஒரே முதலாளியிடம், ஒரே வேலையை அல்லது அதையொத்த வேலையைச் செய்கிறவர்களுக்குள் பாலினத்தைக் காரணமாக வைத்து ஊதியத்தில் வேற்றுமை காட்டக் கூடாது என்று ஊதியச் சட்டத் தொகுப்பின் 3ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆளெடுக்கும்போது பாலினம் பார்த்து ஒதுக்குவதையும் அதே பிரிவு தடுக்கிறது. பெண்ணின் கூலியை உயர்த்துவதற்குப் பதிலாக ஆணின் கூலியைக் குறைத்துச் சமமாக்குவதற்கும் அதில் இடமில்லை.

'அதையொத்த வேலை' என்ற இடத்தில்தான் வாதம் நடக்கும். ஆண் கூடுதல் எடை தூக்குகிறார், இரவில் கடையை அவர்தான் பூட்டுகிறார் என்று நிர்வாகம் சொல்லும். பதவியின் பெயரையோ சிறு வேறுபாடுகளையோ பிடித்துக்கொள்ளாமல் வேலையை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1987இல் மெக்கின்னன் மெக்கன்சி நிறுவன வழக்கில் தெளிவுபடுத்தியது. பெண் சுருக்கெழுத்தாளர்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகக் கொடுத்துவந்த அந்த நிறுவனம், தனக்கு நிதி நெருக்கடி என்று சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே உங்கள் மனுவில், காலையில் வந்ததிலிருந்து மாலை வரை நீங்கள் செய்வது என்ன, ஒப்பிடப்படும் ஆண் செய்வது என்ன என்பதை மணிக்கணக்கில் எழுதுங்கள். குறைவாகக் கொடுக்கப்பட்ட ஊதியத்தைக் கோர மூன்று ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. ஊதியம் கொடுத்தாயிற்று என்பதை நிரூபிக்கும் பொறுப்பை முதலாளியின் மீதே சட்டம் வைக்கிறது. கோரிக்கையை நீங்களும் தாக்கல் செய்யலாம். உங்கள் சார்பில் பதிவு பெற்ற தொழிற்சங்கமும் செய்யலாம். போக வேண்டிய இடம் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகம்.

*பாலியல் தொல்லை*

இந்த வகையில் கெடு மிகக் குறுகியது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 1997இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளின் தொடர்ச்சியாக, பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. தொடுதல் மட்டுமே குற்றம் என்று பலர் எண்ணுகிறார்கள். விரும்பாத பேச்சு, ஆபாசப் படம் காட்டுதல், இணங்கினால் நல்ல பணிநேரம் தருவேன் என்ற குறிப்பு, இணங்காததால் கொடுக்கும் தொந்தரவு ஆகியவையும் இந்தச் சட்டத்துக்குள் அடங்கும். தினக்கூலி, தற்காலிகம், ஒப்பந்தம், பயிற்சி என்று எந்த நிலையில் இருந்தாலும், சம்பளமே இல்லாமல் உதவிக்கு வந்தவராக இருந்தாலும் பாதுகாப்பு உண்டு. வீட்டு வேலை செய்வோரும் இதில் சேர்வார்கள். விடுதியில் தங்க வந்த விருந்தினர் பணிப்பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டால், 'வாடிக்கையாளரை நாங்கள் என்ன செய்ய முடியும்' என்று நிர்வாகம் கைவிரிக்க முடியாது. பணியிடத்துக்கு வந்துபோகிறவர்களிடமிருந்தும் பெண்ணைக் காப்பது முதலாளியின் கடமை என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது.

பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் அங்கே மூத்த பொறுப்பில் உள்ள பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் வர வேண்டும். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பத்துப் பேருக்குக் குறைவான இடமாக இருந்தாலும், அல்லது புகாரே முதலாளியின் மீது என்றாலும், மாவட்ட ஆட்சியர் அமைக்கும் உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். நம் பகுதியின் கடைகளும் சிறு விடுதிகளும் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான் வரும். ஆகவே உள்ளூர்க் குழுவைத் தெரிந்துவைத்திருப்பது செட்டிநாட்டுத் தொழிலாளிக்கு மிக முக்கியம். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். வட்டம், ஒன்றியம், நகராட்சி அளவில் புகார்களைப் பெற்று ஏழு நாட்களுக்குள் குழுவுக்கு அனுப்பும் பொறுப்பு அலுவலர் ஒருவர் நியமிக்கப்பட வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது.

புகாரை எழுத்தில், கடைசிச் சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம், ஆனால் அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். புகாரும் ஆதாரங்களும் ஆறு படிகள் வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. விசாரணை நடக்கும்போது உங்களையோ எதிர்த்தரப்பையோ இடம் மாற்றும்படியும், மூன்று மாதம் வரை விடுப்பு தரும்படியும் கேட்கலாம். அந்த விடுப்பு உங்கள் வழக்கமான விடுப்பில் கழியாது. விசாரணை 90 நாட்களில் முடிய வேண்டும், பரிந்துரையின் மீது நிர்வாகம் 60 நாட்களில் நடவடிக்கை எடுக்க வேண்டும், திருப்தி இல்லாதவர் 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். விசாரணையில் வழக்கறிஞரைக் கொண்டுவர இரு தரப்புக்கும் அனுமதி இல்லை. சமரசத்தை நீங்கள் விரும்பிக் கேட்டால் குழு முயலலாம், ஆனால் பணம் வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்வது அந்தச் சமரசத்தின் அடிப்படையாக இருக்கக் கூடாது.

'நிரூபிக்க முடியாவிட்டால் என் மீதே நடவடிக்கை வருமாமே' என்ற அச்சத்தால் வாய் திறக்காதவர்கள் நிறையப் பேர். வேண்டுமென்றே பொய் என்று தெரிந்து கொடுத்த புகாருக்குத்தான் நடவடிக்கை. போதிய ஆதாரம் இல்லை என்பது மட்டும் ஒருவரைத் தண்டிக்கக் காரணமாகாது என்று சட்டத்தின் 14ஆம் பிரிவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. குழுவிடம் போவதோடு நில்லாமல் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆம் பிரிவு பாலியல் துன்புறுத்தலைக் குற்றமாக்குகிறது. பெண்கள் உதவி எண் 181.

*கருவுறுதலும் பேறுகாலமும்*

பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள கடைகளிலும் நிறுவனங்களிலும், பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாட்களாவது வேலை செய்த பெண்ணுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. அதற்குப் பின் 12 வாரம். இ.எஸ்.ஐ.யில் பதிவானவர்களுக்கு அந்தத் தொகை இ.எஸ்.ஐ. வழியாக வரும். கருவுற்ற காரணத்தால் வேலையிலிருந்து நீக்குவதும், விடுப்பில் இருக்கும்போது நீக்கல் கடிதம் அனுப்புவதும் சட்ட விரோதம். நீக்கப்பட்டவர் 60 நாட்களுக்குள் முறையிட வேண்டும். 'குழந்தை பிறந்த பிறகு வா, பார்க்கலாம்' என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்புவதுதான் இங்கே வழக்கம் என்பதால், மருத்துவச் சான்றோடு விடுப்பு விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து பெற்றுக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையுடன் அஞ்சலில் அனுப்புங்கள்.

*சாதி*

தீண்டாமையை ஒழிக்கும் அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் உறுப்பு அரசை மட்டும் கட்டுப்படுத்துவதன்று, தனிமனிதரையும் தனியார் கடையையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 1955, தீண்டாமையைக் காரணமாக வைத்து ஒருவரைத் தொழில் செய்யவோ வேலை பார்க்கவோ தடுப்பதைக் குற்றமாக்குகிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தங்களுடன், வேலையைத் தடுப்பதையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சமையற்கட்டுக்குள் வரக் கூடாது என்று ஒருவரை மட்டும் பின்வாசலில் நிறுத்துவதும், அவருக்கு மட்டும் தனிக் குவளை வைப்பதும், அவரை மட்டுமே கழிவறை கழுவ அனுப்புவதும் வீட்டு வழக்கம் என்று விளக்கிச் சொல்லிவிடக் கூடியவை அல்ல. இந்த வகைக் கொடுமை மற்ற எல்லாவற்றையும்விட மனிதரை உள்ளிருந்து உடைப்பது என்பதால், சட்டமும் இங்கே கடுமையாகவே நிற்கிறது.

சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்திய வழக்கில் ஒரு நுட்பம் உண்டு. அது பொதுப் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். பூட்டிய அறைக்குள் இருவர் மட்டும் இருந்தபோது நடந்ததை அந்த உட்பிரிவின் கீழ் நிறுத்துவது கடினம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆகவே அப்போது அருகில் யார் யார் இருந்தார்கள் என்பதை மறக்காமல் குறித்துவையுங்கள். புகாரைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வதற்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று சட்டத்தின் 18-அ பிரிவு சொல்கிறது. விசாரணையைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி நடத்த வேண்டும். அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறலாம். நிலையத்தில் மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும், காவல்துறையின் சமூகநீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவுக்கும் எழுதுங்கள்.

*மாற்றுத்திறனாளிகள், திருநர், எச்.ஐ.வி. உள்ளோர்*

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தேவையான சிறு ஏற்பாட்டைச் செய்து தர மறுப்பதையும் பாகுபாடு என்றே வரையறுக்கிறது. நம் பெரிய வீடுகளில் தெருவிலிருந்து திண்ணைக்கு ஏறப் படிகளும், கட்டுக்குக் கட்டு உயர்ந்த வாசற்படிகளும் இருக்கும். அப்படியொரு விடுதியில் வரவேற்புப் பணிக்குத் தேர்வான ஒருவருக்குக் கால் ஊனம் என்றால், சாய்தளம் ஒன்று போட்டுத் தருவதோ முன்கட்டிலேயே மேசை அமைத்துத் தருவதோ முடியாத காரியமாகாது. ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை அறிவிக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் கோருகிறது. அரசு வேலையில் நான்கு விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. முறையீட்டுக்கு மாநில ஆணையர். வழிகாட்டலுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்.

திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019 வேலையில் பாகுபாட்டைத் தடை செய்து, நிறுவனங்களில் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்கச் சொல்கிறது. எச்.ஐ.வி. தொற்று உள்ளவரை அதைக் காரணம் காட்டி வேலையில் ஒதுக்குவதையும், வேலைக்காகக் கட்டாயப் பரிசோதனை கேட்பதையும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

*இவற்றில் எதிலும் அடங்காதவை*

தனியார் கடையொன்று மதத்தைப் பார்த்தோ, வயதைப் பார்த்தோ, மொழியைப் பார்த்தோ, பட்டியல் சாதியல்லாத ஒரு சாதியைப் பார்த்தோ ஆள் எடுக்க மறுத்தால், அதை நேரடியாகத் தண்டிக்கும் சட்டம் நம்மிடம் இல்லை. இது பெரிய குறை. அரசமைப்பின் 16ஆம் உறுப்பு மதம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றால் வேற்றுமை காட்டுவதைத் தடுத்தாலும், அது அரசு வேலைக்கு மட்டுமே பொருந்தும். ஆனால் வேலையில் சேர்ந்தபின் நிலைமை முற்றிலும் வேறு. தகுதியைப் பார்க்காமல் ஒரு சாராருக்கு மட்டும் சலுகை காட்டுவது நியாயமற்ற தொழிலாளர் நடைமுறைகளில் ஒன்றாகத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. நீக்கம் என்று வந்தால் கீழே சொல்லப்போகும் தமிழ்நாடு கடைகள் சட்டத்தின் 41ஆம் பிரிவு மதம், மொழி எதுவும் பாராமல் எல்லாருக்கும் துணை நிற்கும்.

நாட்குறிப்பு எழுதுதல்

அன்றன்றைய வரவு செலவைச் சிட்டையில் எழுதி, அதைப் பேரேட்டுக்கு ஏற்றி, ஆண்டிறுதியில் ஐந்தொகை எடுத்த ஊர் இது. நடந்ததை அன்றே எழுதிய கணக்குக்கு உள்ள மதிப்பு ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதுவதற்கு இல்லை என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பக்க எண் இட்ட ஒரு நோட்டை வாங்கி, தேதி, நேரம், இடம், சொன்ன சொற்கள் அப்படியே, அருகில் இருந்தவர்கள், நீங்கள் சொன்ன பதில் ஆகியவற்றை எழுதுங்கள். உங்கள் ஊகத்தையும் கோபத்தையும் அதில் கலக்காதீர்கள். 'மேலாளர் கேவலமாகப் பேசினார்' என்பதால் எந்தப் பயனும் இல்லை. 'மாலை 6.30 மணிக்குப் பில் போடும் மேசையருகே, இரண்டு விற்பனையாளர்கள் கேட்க, இந்தச் சொற்களைச் சொன்னார்' என்பது சாட்சியம்.

செய்திகளும் படங்களும் எந்தப் போனில் வந்தனவோ அந்தப் போனைப் பத்திரமாக வையுங்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்டச் சான்று தேவைப்படும் என்று பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு கூறுகிறது. மூலம் கையில் இருந்தால் அது எளிது. அதே நேரம் கடையின் கணக்குப் புத்தகங்களை எடுத்துச் செல்வதோ கணினியில் புகுந்து பிரதி எடுப்பதோ வேண்டாம். உங்கள் மீதே வழக்குத் தொடர அது வழி செய்து கொடுத்துவிடும்.

மனு எழுதுதல்

மனு இரண்டு பக்கத்துக்குள் இருப்பது நல்லது. உங்கள் பெயர், பணி, சேர்ந்த தேதி, சம்பளம், நடந்தவை தேதி வரிசைப்படி, எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறீர்கள் என்பது, என்ன நிவாரணம் வேண்டும் என்பது, இணைப்புகளின் பட்டியல். இவை இருந்தால் போதும். பலரும் துயரத்தை எல்லாம் எழுதிவிட்டு நிவாரணத்தை விட்டுவிடுகிறார்கள். 'தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்' என்று முடிக்கும் மனுவின் மீது எந்த நடவடிக்கையும் எடுக்காமலே கோப்பை மூடலாம். கூலி வேற்றுமை மனுவுக்கு ஒரு மாதிரி:

'நான் மேற்படி நிறுவனத்தில் 2024 ஜூன் முதல் உதவியாளராகப் பணிபுரிந்து வருகிறேன். என்னோடு அதே நேரத்தில், அதே வேலையைச் செய்யும் ஆண் உதவியாளர்களுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு ரூபாயும் எனக்கு இவ்வளவு ரூபாயும் வழங்கப்படுகிறது. நாங்கள் செய்யும் வேலைகளின் ஒப்பீடு இணைப்பு 1இல் உள்ளது. இது ஊதியச் சட்டத் தொகுப்பு 2019இன் 3ஆம் பிரிவுக்கு முரணானது. ஆகவே சேர்ந்த நாள் முதல் உள்ள வித்தியாசத் தொகையையும், இனிவரும் நாட்களுக்குச் சம ஊதியத்தையும் வழங்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

முதலில் நிர்வாகத்துக்கே ஒரு கடிதம் கொடுத்து, பதிலுக்கு இரண்டு வாரம் காத்திருப்பதைக் கூலி, விடுப்பு போன்றவற்றில் நான் பரிந்துரைப்பேன். பேசித் தீரக் கூடியவை அவற்றில் பல. பாலியல் தொல்லையிலும் சாதிக் கொடுமையிலும் அப்படிக் காத்திருக்க வேண்டாம். நேராகக் குழுவிடமோ காவல் நிலையத்திலோ கொடுங்கள்.

கொடுக்கும் இடம்

செட்டிநாடு என்று நாம் ஒரே நிலமாகச் சொன்னாலும், அரசுக் கணக்கில் அது இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், ஆத்தங்குடி ஆகியவை சிவகங்கை மாவட்டம்; ராயவரம், அரிமளம் முதலியவை புதுக்கோட்டை மாவட்டம். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதைவிடப் பணியிடம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதே உள்ளூர்க் குழுவுக்கும் தொழிலாளர் அலுவலகத்துக்கும் முக்கியம். எந்த அலுவலகம் என்று தெரியாமல் தவிப்பவர், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது எண் பெறலாம். ஆனால் அது மனுவை உரிய துறைக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடு மட்டுமே. மூன்று மாதக் கெடு உள்ள புகாரை அங்கே மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

பல மாநிலங்களில் கிளையுள்ள வங்கிகளும், காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) போன்ற மத்திய நிறுவனங்களும் மாநிலத் தொழிலாளர் துறையின் கீழ் வருவதில்லை; அங்கே மத்தியத் தொழிலாளர் ஆணையரின் அமைப்பை அணுக வேண்டும். சிக்ரியின் நிரந்தர ஊழியர்கள் பணி தொடர்பான வழக்குகளுக்கு மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் செல்லலாம். மாநில அரசு ஊழியர்களும் அழகப்பா பல்கலைக்கழகப் பணியாளர்களும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்யலாம். அரசுத் தேர்வில் ஒதுக்கப்பட்டதாக எண்ணுகிறவர், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் கீழ் தம் மதிப்பெண்ணையும் தேர்வு முறையையும் முதலில் கேட்டுப் பெறட்டும். 30 நாட்களில் பதில் வர வேண்டும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பதற்காக யாரும் நின்றுவிட வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987 வழங்குகிறது. பெண்ணுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமான வரம்பு கிடையாது. நீதிமன்ற வளாகங்களில் இயங்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவிலோ மாவட்ட ஆணைக்குழுவிலோ விண்ணப்பிக்கலாம். 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம்.

புகாருக்குப் பின் பழிவாங்கினால்

புகார் கொடுத்த மறுவாரமே பணிநேரத்தை மாற்றுவது, கிட்டங்கி வேலைக்குத் தள்ளுவது, கடைசியில் 'நாளை முதல் வர வேண்டாம்' என்பது ஆகியவற்றை எதிர்பார்த்தே இருங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் நோட்டில் ஏற்றுங்கள். சமரசப் பேச்சு நிலுவையில் இருக்கும்போது, பிரச்சினையோடு தொடர்புள்ள பணி நிபந்தனைகளை உங்களுக்குப் பாதகமாக மாற்ற முதலாளிக்கு உரிமை இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இன் 41ஆம் பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இல்லாமல் நீக்கக் கூடாது. நீக்கப்பட்டவர் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் தாமதமின்றி முறையிட வேண்டும். இந்தச் சட்டத்தில் 2021இல் சேர்க்கப்பட்ட 22-அ பிரிவு, கடைகளில் நிற்பவர்கள் அமர இருக்கை தர வேண்டும் என்கிறது. நாள் முழுதும் நின்றே வேலை பார்க்கும் ஜவுளிக்கடைப் பெண்கள் இதை உரிமையாகக் கேட்கலாம். புகார் கொடுத்தவரின் நாற்காலியை மட்டும் எடுத்துவிட்டால், அதுவும் நோட்டில் ஏற வேண்டிய செய்தி.

வாய்மொழியாக அனுப்பிவிட்டால் வீட்டில் இருந்துவிடாதீர்கள். மறுநாள் வழக்கமான நேரத்துக்குப் போய், உள்ளே விட மறுத்தால் அன்றே 'நான் பணிக்கு வந்தேன், அனுமதிக்கப்படவில்லை, பணியாற்றத் தயாராக இருக்கிறேன்' என்று கடிதம் அனுப்புங்கள். தானாகவே நின்றுவிட்டார் என்று நிர்வாகம் பின்னர் சொல்வதை இந்தக் கடிதம் ஒன்றுதான் தடுக்கும்.

சிங்கப்பூர், மலேசியா போகிறவர்களுக்கு

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கடல் கடந்து போய்வந்த மண் என்பதால் இதையும் சேர்க்கிறேன். வெளிநாட்டில் வேலை பார்க்கிறவருக்கு அந்த நாட்டுச் சட்டமே பொருந்தும். சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2025 ஜனவரியில் பணியிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியது. வயது, குடியுரிமை, பாலினம், கருவுறுதல், இனம், மதம், மொழி, உடற்குறை, மனநலம் முதலியவற்றால் பாகுபாடு காட்டுவதை, நடைமுறைக்கு வந்ததும், அது தடுக்கும். 25 பேருக்குக் குறைவானவர்கள் பணிபுரியும் நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு உண்டு என்பதால், சிறு உணவகத்தில் சேர்கிறவர்கள் கவனிக்க வேண்டும். மலேசியாவில் 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, வேலையில் பாகுபாடு குறித்த தகராறுகளைத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விசாரிக்கலாம். புறப்படுமுன் ஒப்பந்தத்தின் ஒரு படியை ஊரில் வீட்டாரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கணக்குத் தீர்க்கும்போது

வேலையை விட்டு விலகினாலும் நீக்கப்பட்டாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளப் பாக்கியைத் தர வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு கூறுகிறது. அந்தப் பணத்தைக் கையில் காட்டி, 'எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று அச்சிட்ட தாளில் கையெழுத்து கேட்பார்கள். வெற்றுத் தாளிலோ படித்துப் பார்க்காத தாளிலோ கையெழுத்திடாதீர்கள். உங்கள் புகார் நிலுவையில் இருந்தால், கையெழுத்தின் மேலே 'இன்ன தேதி வரையிலான சம்பளம் மட்டும் பெற்றுக்கொண்டேன். என் புகார் மனு தொடர்கிறது' என்று உங்கள் கையாலேயே எழுதி, தேதியிட்டு, அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.